ஒரு சொல்லைச் சொல்ல மறுத்தவர்கள்

காரைக்குடிப் பக்கம் வளர்ந்த தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவர்கள் வீடு சைவ வீடு. ஆனாலும் அவருடைய அப்பத்தா வருசத்துக்கு ஒருமுறை, புனித அருளானந்தர் வெட்டப்பட்ட ஓரியூருக்குப் போய் நேர்ச்சை செலுத்தி, ஒரு பிடி செம்மண்ணை மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு வருவாராம். இப்போது அவருடைய நண்பர்களில் ஒருவர், “இந்து ராஜா ஒரு பாதிரியைக் கொன்ற இடம் அது” என்கிறார். இன்னொருவர், “மதமாவது ஒன்றாவது, அது அரண்மனைச் சண்டை” என்கிறார். எது சரி? அன்றைய கத்தோலிக்கர்கள் எப்படி எதிர்த்து நின்றார்கள்? மதச் சுதந்திரத்துக்கு விலை என்று பேசுகிறார்களே, அந்த விலையைக் கொடுத்தது யார்? இன்றைய விலை என்ன?

நான் தேவகோட்டைக்காரன், கத்தோலிக்கன், பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். என் அப்பத்தாவும் கிடாய் நேர்ந்துவிட்டு ஓரியூருக்கு மாட்டுவண்டியில் போனவர்தான். ஆகவே இது எனக்குப் புத்தக விசயம் மட்டுமில்லை. நண்பர்கள் இருவர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. பாதியோடு நின்றுவிட்டதால்தான் இருவரும் தவறாகப் போகிறார்கள்.

நாம் இன்று செட்டிநாடு என்று சொல்லும் ஊர்களில் பலவும் 17-ஆம் நூற்றாண்டில் இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளின் சீமைக்குள் இருந்தவை. சிவகங்கைச் சீமை பிரிந்தது 1730-ஐ ஒட்டித்தான். வெளியார் இதை மறவர் நாடு என்றார்கள். இங்கே வேதம் போதிக்க வந்தவர்தான் ஜான் தெ பிரிட்டோ, நம் வாயில் அருளானந்தர். 1647 மார்ச் 1 அன்று லிஸ்பனில் பிறந்தார். அரண்மனையில் வளர்ந்த பிரபு குலத்துப் பிள்ளை. 1662-இல் இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவறச் சபையில் சேர்ந்தார், 1673-இல் குருப்பட்டம் பெற்று இந்தியாவுக்குக் கப்பலேறினார். அதே சபைக் குருவான ராபர்ட் தெ நோபிலி 1606-இல் மதுரையில் தொடங்கிவைத்த வழியில் அவரும் நடந்தார். காவி, தலைப்பாகை, பாதக்குறடு, மரக்கறிச் சாப்பாடு. பண்டாரசுவாமியாகவே, அதாவது பிராமணர் அல்லாத துறவியின் கோலத்தில், ஊர் ஊராகப் போனார். எல்லாச் சாதியாரிடமும் பழக அந்தக் கோலம்தான் இடம் கொடுத்தது. நோபிலி எடுத்த பிராமண சந்நியாசிக் கோலத்தில் அது முடியாது.

1686-இல் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எதிர்ப்பு என்ற சொல்லுக்கு இந்த நாட்டில் என்ன பொருள் இருந்தது என்பது அங்கேதான் தெரிகிறது. அந்த வருசம் ஜூலையில் மங்கலம் என்ற ஊரில் சேதுபதியின் அதிகாரியான குமாரப் பிள்ளை அருளானந்தரையும் அவரோடிருந்த உபதேசியார்கள், அதாவது வேதம் கற்பிக்கும் உள்ளூர்த் துணையாளர்கள், சிலரையும் பிடித்தார். காளையார்கோவில் பக்கம் கொண்டுபோனார்கள். அடித்தார்கள். கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் முக்கி முக்கி எடுத்தார்கள். வெயிலில் காய்ந்த கூர்ப்பாறையில் கிடத்தி, மேலே ஏறி மிதித்தார்கள். அவர்களிடம் கேட்டது பெரிய காரியம் இல்லை. “சிவ” என்று ஒருதரம் சொல் என்றார்கள், அவ்வளவுதான்.

இதை என் மாணவர்களிடம் சொல்லும்போதெல்லாம் யாராவது ஒரு பிள்ளை கேட்கும்: “சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே சார்?” நியாயமான கேள்வி. காவி உடுத்தியாயிற்று. மாமிசத்தை விட்டாயிற்று. சாமியார் என்ற பெயரையும், பூசை, கோவில், ஞானஸ்நானம் என்ற சொற்களையும் எடுத்தாண்டாயிற்று. இத்தனையையும் எடுத்துக்கொண்டவர்கள் ஓர் இரண்டெழுத்துச் சொல்லில் ஏன் நின்றார்கள்?

சிவன் பெயர் மேல் வெறுப்பு என்று நான் நினைக்கவில்லை. உடையும் உணவும் பேச்சும் ஊருடையவை. அவற்றை மனமுவந்து ஏற்றார்கள். வணக்கம் அப்படி இல்லை. கழுத்தைப் பிடித்து வாங்கப்படும் வணக்கம் எந்தச் சாமிக்கும் வணக்கம் ஆகாது. உண்மையாகச் சிவனைக் கும்பிடுகிற ஒருவரிடம், உயிர்ப்பயத்தில் இருப்பவன் வாயிலிருந்து வரும் சிவநாமத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் அப்பத்தாவிடமே கேளுங்கள். அந்த உபதேசியார்கள் கத்தி எடுக்கவில்லை, ஓடவுமில்லை. சொல்லமாட்டோம் என்றார்கள். எதிர்ப்பு அவ்வளவுதான். அந்த உபதேசியார்கள் வெள்ளைக்காரர்கள் இல்லை, கப்பலேறிப் போக அவர்களுக்கு லிஸ்பனும் இல்லை. இதே மண்ணில், இதே சாதிசனத்துக்கு நடுவில் மறுநாளும் குடியிருக்க வேண்டியவர்கள். அருளானந்தரின் துணிவைப் பற்றி எழுதியவர்கள் இவர்களைப் பற்றி அரை வரியோடு நிறுத்திவிட்டார்கள். எனக்கு அதில் என்றைக்கும் ஆற்றாமை உண்டு.

பிறகு அவர்களை இராமநாதபுரத்துக்குக் கொண்டுபோனபோது நடந்ததும் முக்கியம். அன்றைய அரசர் கிழவன் சேதுபதி அருளானந்தரை நேரில் வரவழைத்து, என்ன போதிக்கிறீர் என்று கேட்டு, சொன்னதைக் கேட்டுக்கொண்டு, விடுதலை செய்தார். என் சீமைக்குள் இனிமேல் போதிக்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. மதவெறி பிடித்த அரசன் செய்கிற வேலை இல்லை இது. முதல் நண்பர் இந்த இடத்தைப் படிக்காமல் விட்டிருப்பார்.

இடையில் ஐரோப்பா போனார். போர்த்துக்கல் அரசர் இரண்டாம் பெட்ரோ தன் பிள்ளைக்கு ஆசிரியராக இருந்துவிடும்படி கேட்டார், இவர் ஒப்பவில்லை. 1690-இல் கோவா, 1691-இல் மறுபடி மறவர் நாடு. அரசன் விதித்த நிபந்தனையை மீறித்தான் வந்தார். இதை மறைக்க வேண்டியதில்லை. உயிர் போகும் என்று தெரிந்தே வந்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னால் போதும்.

இனி இரண்டாம் நண்பரின் பாதி உண்மை. தடியத் தேவர் என்று ஒரு மறவர் குலப் பெரியவர். சேதுபதி பட்டத்துக்கு உரிமை சொல்லக்கூடிய வழியில் வந்தவர், சனங்களிடம் செல்வாக்கும் உள்ளவர். கடுமையான நோயில் கிடந்தபோது, உபதேசியார் ஒருவர் வந்து சுவிசேசம் வாசித்து செபித்தபின் குணமானதாக நம்பி, ஞானஸ்நானம் கேட்டார். அவருக்கு மனைவியர் ஐவர். ஒருவரை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார் அருளானந்தர். தேவர் மூத்த மனைவியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். 1693 சனவரி 6, மூன்று ராசாக்கள் திருநாள் அன்று ஞானஸ்நானம் நடந்தது. விலக்கப்பட்டவர்களில் இளையவர் பெயர் கடலை. சேதுபதியின் உறவுப் பெண், மருமகள் முறை. அவர் அழுதுகொண்டு அரண்மனைக்குப் போனார்.

நான் சின்ன வயதில் பார்த்த அருளானந்தர் நாடகங்களில் கடலை எப்போதும் வில்லிதான். தலைவிரி கோலமாக வந்து, கண்ணை உருட்டி, பழிக்குப் பழி என்று கத்திவிட்டுப் போவாள். நாங்களும் அவளைப் பார்த்துக் கூச்சல் போடுவோம். வயதான பிறகுதான் உறைத்தது. அந்தப் பெண் என்ன குற்றம் செய்தாள்? அவள் கணவனின் மனசாட்சி அவனுடையது, சரி. அந்த மனசாட்சிக்கான விலையில் ஒரு பங்கை அவளைக் கேட்காமலே அவள் தலையில் வைத்துவிட்டார்கள். திருச்சபையின் விதி அது, அருளானந்தருக்கு வேறு வழி இருக்கவில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் விலை கொடுத்தவர்களின் கணக்கில் கடலையின் பெயரையும் நான் எழுதுவேன். எங்கள் சாமியார் ஒருவரிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எழுதத்தான் வேண்டும்” என்றார்.

சேதுபதியின் இடத்திலிருந்து பாருங்கள். பட்டத்துக்கு உரிமையுள்ள ஒருவர், தனக்குக் கட்டுப்படாத ஒரு குருவின் சொல்லுக்காக ராச குடும்பத்துப் பெண்ணையே விலக்குகிறார். அவர் பின்னால் சனம் போகிறது. எந்த அரசன் சும்மா இருப்பான்? ஆகவே அரசியல் உண்டு, நிச்சயமாக உண்டு. ஆனால் “வெறும் அரசியல்” என்பதை நான் ஒப்பமாட்டேன். சனவரி 8 அன்று முனி என்ற ஊரில் அருளானந்தரைப் பிடித்தார்கள். அனுமந்தக்குடியில் கோவில் தேரோடு சேர்த்துக் கட்டி, போகிறவர் வருகிறவரெல்லாம் ஏச நிறுத்திவைத்தார்கள். போதிப்பதை விட்டுவிட்டால் அவர் பிழைத்திருப்பார். வெறும் அரசியல் கைதிக்கு அந்த வாசல் இருக்காது. வாசல் திறந்திருந்தும் போகவில்லை என்பதால்தான் அவரை வேதசாட்சி, விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர், என்கிறோம்.

தலைநகரில் கொன்றால் தடியத் தேவரின் ஆட்கள் கிளம்பக்கூடும் என்ற பயம் சேதுபதிக்கு. அதனால் நாடுகடத்துவதாக வெளியே சொல்லி, தன் சகோதரர் ஆட்சியில் இருந்த ஓரியூருக்கு அனுப்பி, கொல்லும்படி உள்ளே உத்தரவு கொடுத்தார். சிறையில் கரியைக் கரைத்து மையாக்கி, துரும்பால் எழுதிய அருளானந்தரின் கடைசிக் கடிதம் இருக்கிறது. நல்லதைச் செய்ததே குற்றம் என்று ஆகிவிட்டால், அதற்காகப் பாடுபடுவது மகிமை என்ற கருத்தை அதில் எழுதியிருக்கிறார். 1693 பிப்ரவரி 4, பாம்பாற்றங்கரையில் தலையை வெட்டினார்கள். கைகால்களையும் வெட்டி, உடலைக் கழுவில் ஏற்றினார்கள். அவருக்கு வயது 45. அன்று புதன்கிழமை, தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதன். சிவநாமம் சொல்ல மறுத்தவர் நெற்றியில் சாம்பல் பூசும் நாளில் செத்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். மண்ணுக்குத் திரும்புவாய் என்று சொல்லித்தான் அந்தச் சாம்பலைப் பூசுகிறோம்.

வெட்டுகிற இடத்தில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு கிறிஸ்தவர்கள் இருவர் ஓடிவந்து, எங்களையும் சேர்த்துக் கொல்லுங்கள் என்றார்களாம். கொல்லவில்லை. மூக்கையும் காதையும் அறுத்து விட்டுவிட்டார்கள். அருளானந்தருக்கு 1853-இல் முத்திப்பேறு பட்டமும் 1947 சூன் 22-இல் புனிதர் பட்டமும் கிடைத்தன. அறுபட்ட மூக்கோடு அந்த இருவர் மறுநாள் காலையில் எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தார்கள், எந்தத் தெருவில் நடந்தார்கள், பிள்ளைகளுக்குப் பெண் கேட்டுப் போனபோது என்ன பேச்சுக் கேட்டார்கள்? அதற்குப் பட்டம் இல்லை. என்னை ரொம்ப நாளாகத் தூங்கவிடாத காட்சி இதுதான்.

விலையைச் சொந்தச் சபையும் வாங்கியது, அதையும் சொல்லிவிடுகிறேன். காவி கட்டியதும் தமிழ் வழக்கங்களை ஏற்றதும் சரியா என்ற வழக்கு ரோமாபுரியில் பல ஆண்டுகள் ஓடியது. அந்தக் கோலத்தில் செத்தவரை வேதசாட்சி என்று ஏற்கலாமா என்ற கேள்விக்கு, தடையில்லை என்று 1741-இல்தான் விடை வந்தது. அப்புறம் நம் பக்கத்துத் திருச்சபைக்கு விழுந்த பெரிய அடி எந்த இந்து ராஜாவிடமிருந்தும் வரவில்லை. 1759-இல் இயேசு சபையை ஒடுக்கியது கத்தோலிக்கப் போர்த்துக்கல். 1773-இல் சபையையே கலைத்தவர் பாப்பரசர். புது இயேசு சபைக் குருக்கள் இந்தப் பக்கம் திரும்பி வந்தது 1838-இல். அந்த இடைக்காலத்தில் குருமார் மிகச் சிலர். ஊர்களில் செபம் சொன்னது, சாகிறவர் பக்கத்தில் இருந்தது, பிள்ளைகளுக்குத் தண்ணீர் ஊற்றிப் பெயர் வைத்தது எல்லாம் பெரும்பாலும் உபதேசியார்களும், கோவிலைப் பார்த்துக்கொண்ட கோவில்பிள்ளைகளும்தான். 1686-இல் பாறையில் மிதிபட்டவர்களின் வாரிசுகள். அடிவாங்கியபோது உறுதியாக நின்றது ஒன்று, கேட்பாரில்லாமல் கிடந்த காலத்தில் விட்டுவிடாமல் இருந்தது இன்னொன்று. இரண்டாவதுதான் கடினம் என்று எனக்குத் தோன்றும்.

அதே காலத்தில்தான் சருகணி. தேவகோட்டைக்குப் பக்கத்து ஊர், சின்ன சவேரியார் என்று சனங்கள் அழைக்கும் ரோசி சாமியாரின் கல்லறை அங்கே இருக்கிறது. அந்தக் கோவிலுக்குக் கொடை கொடுத்தவர்கள் மருது சகோதரர்கள். காளையார்கோவிலுக்குத் திருப்பணி செய்த அதே கைகள். ஏறக்குறைய நூறு வருச இடைவெளியில் அதே சீமை, கழுவேற்றியதையும் பார்த்தது, கொடை எழுதியதையும் பார்த்தது. “இந்து ராஜா, கிறிஸ்தவப் பாதிரி” என்று இரண்டு பெட்டிகள் செய்து எல்லாவற்றையும் அவற்றில் போட்டு மூடுகிறவர்களுக்குச் சருகணி எந்தப் பெட்டியிலும் அடங்காது. உங்கள் அப்பத்தாவும் அடங்கமாட்டார். ஓரியூருக்குத் தென்னங்கன்றும் கிடாயும் கொண்டுவருகிறவர்களில், அசனத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களில் ஞானஸ்நானம் பெறாதவர்கள் ஏராளம். அவர்களுக்கு அருளானந்தர் குலசாமி போலத்தான்.

இன்றைய விலை என்ன என்றும் கேட்டிருந்தீர்கள். அரசியல் சாசன சபையில் மதத்தைப் “பரப்பும்” உரிமை பற்றி 1948 டிசம்பரில் பெரிய விவாதம் நடந்தது. அந்தச் சொல்லை எடுத்துவிட வேண்டும் என்று சிலர் வாதாடினார்கள். சென்னை மாகாணத்திலிருந்து இயேசு சபைக் குரு ஜெரோம் டிசூசா அந்தச் சபையில் உறுப்பினர். ஆனால் அந்தச் சொல் நிலைத்ததில் கிறிஸ்தவர் அல்லாத உறுப்பினர்களின் ஆதரவுக்குப் பெரும் பங்கு உண்டு. நம் மாகாணத்து எல். கிருஷ்ணசாமி பாரதியும் கே. சந்தானமும் அதற்கு ஆதரவாகப் பேசியவர்கள். இது நமக்குப் பெருமை. பரப்பும் உரிமையில் பிறரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது வேறு கதை. 2002-இல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, 2004-இல் போனதும் உங்களுக்கு நினைவிருக்கலாம்.

ஆனால் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் நான் கண்ணால் பார்த்த விலை வேறு. 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியார். 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவராகிவிட்ட தலித்துக்குத் தமிழ்நாட்டில் கிடைப்பது பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ். தனித்தொகுதியில் நிற்க முடியாது. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அவருக்கு அரணாக வராது. சாதிப் பெயர் சொல்லி அடிக்கிறவன் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்துவிட்டா அடிக்கிறான்? அதனால் வீட்டில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர் என்று வாழ்ந்த பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருந்தார்கள். ஞாயிறு பூசைக்கு முக்காட்டை இழுத்துவிட்டு, கடைசி வரிசையில் நின்று, நன்மை (நற்கருணை) வாங்காமல் போவார் ஒரு மாணவனின் தாய். மகனுக்குச் சலுகை போய்விடுமோ என்ற பயம். சூசை என்பவர் தொடுத்த வழக்கில் 1985-இல் உச்ச நீதிமன்றம், மதம் மாறிய பின்னும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்று மெய்ப்பித்துக் காட்டச் சொன்னது. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தைப் பார்க்காமல் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. 2022-இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைத்தார்கள். 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அந்தத் தாய்மார் இன்னும் கடைசி வரிசையில்தான் நிற்கிறார்கள்.

இதைச் சொல்லிவிட்டு, கோவிலுக்கு உள்ளே நடந்ததைச் சொல்லாமல் விட்டால் என் மனசாட்சி சும்மா விடாது. தனிக் கல்லறை, தேரோட்டத்தில் யார் தெருவுக்குத் தேர் வரும் என்ற தகராறு, பந்தியில் பிரித்து உட்காரவைத்தது. எல்லாம் நாங்கள் செய்தவைதான், எந்த அரசனும் செய்யவில்லை. பண்டாரசுவாமிக் கோலம் பூண்டு எல்லாச் சேரிக்கும் போன மனிதரின் பெயரைச் சொல்லிக்கொண்டே செய்தோம். மதத்துக்காக அரசிடம் ஒரு விலை, சாதிக்காகச் சபையிடம் ஒரு விலை என்று இரண்டு தடவை கட்டியவர்கள் அவர்கள்.

நண்பர்கள் இருவரையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு போங்கள் தம்பி. தேவகோட்டையிலிருந்து திருவாடானை வழியாக ஓரியூர் போகலாம். திரும்பும்போது சருகணியில் இறங்கிப் பாருங்கள். ஓரியூரில் அந்த மண்ணை ஒருதரம் கையில் அள்ளிப் பார்த்த பிறகு இரண்டு பேரும் பேசட்டும். உங்கள் அப்பத்தா இருக்கிறார் என்றால், முதன்முதலில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று, என்ன நேர்ந்துகொண்டு அங்கே போனார் என்று கேட்டு எனக்கும் எழுதுங்கள்.